குளத்துக்குப் பிறகு வந்த பள்ளிக்கூடம்

யாழ்ப்பாணத்துப் பழைய கல்லூரி ஒன்றின் வரலாற்றைக் கேட்டால், ஒரு பாதிரியாரின் பெயரிலோ ஒரு சைவப் பெரியாரின் பெயரிலோ தொடங்குவார்கள். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் செமினரி 1823 இலேயே வந்துவிட்டது. அதன் பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் போட்டிக்குக் கட்டியதுதான் குடாநாட்டுக் கல்லூரிகள். குடாநாட்டுக்குத் தெற்கே கிடக்கிற வன்னியில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. மன்னாரிலும் முல்லைத்தீவுக் கரையிலும் கத்தோலிக்கப் பள்ளிகள் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. உள்ளுக்கு வந்தால் கதையைக் குளத்திலிருந்துதான் தொடங்கவேண்டும்.

இரணைமடுக் குளத்து வேலை 1902 இல் ஆரம்பமானது. அணை எழும்பி வாய்க்கால் ஓடி, 1930களில் குடாநாட்டில் காணியில்லாத குடும்பங்களுக்கு இங்கே காணி கொடுத்தார்கள். கிளிநொச்சி ஊரானது அப்படித்தான். முதலில் வந்தவர்கள் ஆம்பிளைகள். காடு வெட்டுவார்கள், காய்ச்சல் பிடிக்கும், ஊருக்கு ஓடுவார்கள், தேறியதும் திரும்பி வருவார்கள். 1946 க்குப் பிறகு டி.டி.டி. அடித்து மலேரியா அடங்கிய பின்னர்தான் பெண்சாதி பிள்ளைகளோடு நிலையாக இருக்கத் துணிந்தார்கள். பிள்ளைகள் வந்தால் பள்ளிக்கூடம் வேண்டும். காணி, வாய்க்கால், பாதை எல்லாம் போட்ட அரசாங்கமே பள்ளிக்கூடத்தையும் போட்டது. ஒரு கிடுகுக் கொட்டில், ஒரு கரும்பலகை, நாலைந்து வாங்கு, வாசலில் ‘அரசினர் தமிழ்க் கலவன் பாடசாலை’ என்று ஒரு பலகை.

அந்தக் கொட்டில்கள் ஐந்தாம் வகுப்பு வரை, மிஞ்சினால் எட்டாம் வகுப்பு வரை கொண்டுபோய் விடும். அதற்கு மேல் என்றால் பெரிய பள்ளிக்கூடம். பலகையில் மகா வித்தியாலயம் என்றிருந்தாலும் மத்திய கல்லூரி என்றிருந்தாலும் எங்கள் சனத்துக்கு அது பெரிய பள்ளிக்கூடம்தான். வவுனியாவில் தமிழ் மத்திய மகா வித்தியாலயம், முள்ளியவளையில் வித்தியானந்தக் கல்லூரி, கிளிநொச்சியில் மத்திய கல்லூரி என்று அந்தந்தப் பக்கத்துக்கு ஒன்று. நான் படித்ததன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றப் பள்ளிக்கூடத்தார் தங்களுடையதுதான் மூத்தது என்று ஆண்டுக் கணக்கோடு வருவார்கள். எனக்கு மூப்பு முக்கியமில்லை. வீட்டிலிருந்து அந்தப் பெரிய பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்பதுதான் எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானித்தது. தூரத்தை விட்டுவிட்டு வன்னியின் கல்வியைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அது அரைக்கதையாகத்தான் படும்.

இதை நன்றாக விளங்கிக்கொண்ட மனிதர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. 1931 முதல் 1947 வரை கல்வி அமைச்சராக இருந்தவர். இலவசக் கல்வியின் தந்தை என்று புத்தகத்தில் படித்திருப்போம். 1945 ஒக்டோபர் 1 இலிருந்து அரச பாடசாலைகளில் கட்டணம் இல்லை என்றானது அவரால்தான். ஆனால் வன்னிப் பிள்ளைக்குக் கட்டணத்தை விடப் பெரிய தடை காடும் ஆறும். கட்டணத்தை எடுத்துவிட்டால் மட்டும் கனகராயன் ஆற்றைக் கடந்து ஒரு பத்து வயதுப் பிள்ளை நடந்துபோகுமா? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. நகரங்களுக்கு வெளியே மத்திய பாடசாலைகள், அவற்றோடு விடுதி, ஐந்தாம் வகுப்பில் ஒரு புலமைப்பரிசில் பரீட்சை. கெட்டிக்காரப் பிள்ளை எந்த மூலையில் இருந்தாலும் பரீட்சையில் பாஸானால் விடுதியில் இருந்து காசில்லாமல் படிக்கலாம். அப்படி நாடு முழுவதும் 54 மத்திய பாடசாலைகள் எழுந்தன.

இன்றைக்கு அதே ஐந்தாம் ஆண்டுப் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளையை விடிய நாலு மணிக்கு எழுப்பி ரியூசனுக்கு அனுப்புகிறார்கள். பிள்ளை பாஸானால் பெற்றோர் படத்தோடு பதாகை கட்டுகிறார்கள். தூரத்துப் பிள்ளைக்கு ஒரு கட்டிலும் சாப்பாடும் கொடுக்க வந்த சோதனை அது என்று யாருக்கு ஞாபகம்? சரி, அது வேறு கதை.

என் ஐயா எட்டாம் வகுப்போடு நின்றவர். படிப்பு ஓடாமல் இல்லை. கணக்கில் புலி. நெல் மூட்டைக் கணக்கு, வாய்க்கால் தண்ணி முறைக் கணக்கு எல்லாம் கடைசிவரை மனதாலேயே போட்டார். ஒன்பதாம் வகுப்பு எங்கள் குடியேற்றத்திலிருந்து பத்துக் கிலோமீற்றருக்குக் கிட்ட. வீட்டில் ஒரு சைக்கிள், அது அப்புவுக்கு வயலுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் காரணம். நான் ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போகவேண்டும் என்றபோது அதிபர் என் புள்ளியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“தம்பி, உன்ர வீட்டை சைக்கிள் இருக்கோ?”

“ஓம் சேர். ஐயாவின்ர.”

“மாரியிலயும் வருவியோ?”

“வருவன் சேர்.”

அனுமதி கிடைத்துவிட்டது. அந்தச் சைக்கிள் பாரில் பின்னாளில் தங்கச்சியும் ஏறினாள், கரியரில் பக்கத்து வீட்டுப் பெடியனும் ஏறினான். மாரியில் கிரவல் பாதை சேறாகி மட்காட்டில் அடைத்துக்கொள்ளும். தடியால் தோண்டி எடுத்துவிட்டுத் திரும்ப மிதிப்போம். நனைந்த சீருடையோடு முதல் பாடம் முடியும்வரை நடுங்கிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் யார், காய்ந்த சட்டையோடு இருக்கிற ரவுண் பிள்ளைகள் யார் என்று வகுப்புக்குள் வந்ததும் தெரியும்.

வாங்கிலிருந்தவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் வகுப்பில் தீவுப்பகுதியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, வடமராட்சிப் பிள்ளை, தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்த பழைய வன்னிக் குடும்பத்துப் பிள்ளை, 1958 இலும் 1977 இலும் இனக்கலவரத்தில் அடிவாங்கி மலைநாட்டிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். ஒரே வாங்கு என்பதால் எல்லாரும் அண்ணன் தம்பியாகிவிட்டோம் என்று ஆண்டுவிழா மலரில் எழுதுவார்கள். அப்படியெல்லாம் இல்லை. மலையகப் பிள்ளைகளை நாக்கூசாமல் பட்டம் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். வாத்திமார் சிலரும் கேட்காத மாதிரி இருந்தார்கள். பலருக்குப் பிறப்புச் சான்றிதழே இல்லை. 1948 இல் குடியுரிமை பறிபோன சனம், பிறகு காடு வெட்டிக் குடிசை போட்ட சனம், கடதாசிக்கு எங்கே போவது? ‘பிறகு கொண்டுவாங்கோ’ என்று சொல்லி இடாப்பில் பெயரைப் பதிந்த அதிபர்கள் எங்கள் பக்கத்தில் இருந்தார்கள். அந்த ‘பிறகு’ பலருக்குப் பத்தாண்டு கழித்து வந்தது. வன்னியின் பெரிய பள்ளிக்கூடங்கள் செய்த மிகப் பெரிய காரியம் எது என்று கேட்டால், வைத்தியர் எஞ்சினியர் கணக்கை விட்டுவிட்டு இந்த இடாப்புப் பதிவைத்தான் சொல்வேன்.

வைத்தியர் எஞ்சினியர் கணக்குக்கும் வருவோம், அதை விட்டால் நம் ஆட்கள் விடமாட்டார்கள். பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் என்ற சொல் குடாநாட்டில் இன்றும் கோபத்தைக் கிளப்பும். நியாயமான கோபம். 1971 இல் தமிழில் எழுதியவனுக்கு ஒரு வெட்டுப்புள்ளி, சிங்களத்தில் எழுதியவனுக்கு அதைவிடக் குறைந்த வெட்டுப்புள்ளி என்று வந்தது அப்பட்டமான அநீதி. ஆனால் 1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு இன்னொரு சங்கதி. அதையும் இதையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிப் பேசும்போது வன்னிக்காரன் வாய் திறப்பதில்லை. ஏனென்றால் அந்த ஒதுக்கீட்டில்தான் மன்னாரிலும் வவுனியாவிலும் பல ஊர்களுக்கு முதலாவது பல்கலைக்கழகப் பிள்ளை கிடைத்தது. ஆய்வுகூடமும் ரியூசனும் உள்ள யாழ்ப்பாணத்துப் பையனோடு, இரசாயனத்துக்கு வாத்தியாரே இல்லாத பள்ளிக்கூடத்துப் பையனை ஒரே கோட்டில் நிறுத்தி ஓடச் சொன்னால் அதற்குப் பெயர் திறமையா?

இதில் கிளிநொச்சியின் நிலைமை இன்னும் சிக்கல். 1984 பெப்ரவரி வரை கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. முல்லைத்தீவு 1978 இலேயே தனி மாவட்டமாகிவிட்டது. அதனால் எங்கள் பக்கத்துப் பிள்ளை மாவட்ட ஒதுக்கீட்டிலும் யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகளோடுதான் மோதவேண்டியிருந்தது. தனி மாவட்டமான பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. திறந்ததும் குடாநாட்டிலிருந்து சில பெற்றோர் பிள்ளையை இங்கே பதிந்து சோதனை எழுதவைக்கப் பார்த்தார்கள். எந்த மாவட்டத்துப் பாடசாலையில் எவ்வளவு காலம் படித்தாய் என்று ஆராய்கிற விதி இருப்பது இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான். இப்போதைய முறையில் 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்த 16 இல் உண்டு. அந்தப் பட்டியலில் இருப்பது பெருமையில்லை. ஆனால் அந்த வரிசையால் படித்து வந்தவர்கள் இன்று பட்டியலையே எடுத்துவிடவேண்டும் என்று பேசுவதைக் கேட்கும்போது சிரிப்பு வருகிறது.

நான் ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புக்கு வந்த நேரம் 1996. செப்டெம்பரில் கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தது. நகரத்திலிருந்த பள்ளிக்கூடங்கள் எல்லாம் எழும்பி உள்ளே போயின. பள்ளிக்கூடம் எழும்பிப் போவதென்றால் என்னவென்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் முதலில் ஏறியது பிள்ளைகளைச் சேர்த்த பதிவேடான சேர்விடாப்பு, சம்பவத்திரட்டுப் புத்தகம், ரப்பர் முத்திரை. பிறகு கரும்பலகைகள். இடமிருந்தால் கதிரை மேசை. சேர்விடாப்பு இல்லாவிட்டால் விடுகைப் பத்திரம் எழுதமுடியாது. விடுகைப் பத்திரம் இல்லாமல் எங்கள் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றாலும் கேள்விதான். நுணுக்குக்காட்டியை விட்டுவிட்டு இடாப்பைத் தூக்கிய அதிபரை அன்று நாங்கள் திட்டினோம், இன்று ஒருவரும் திட்டமாட்டோம்.

விசுவமடுப் பக்கத்தில் இன்னொரு பள்ளிக்கூடத்து வளவில், அவர்கள் காலையில் முடித்துப் போனதும் பின்னேரம் எங்களுடையது தொடங்கும். இடம் காணாமல் ஏ.எல். வகுப்புகள் பாலை மரத்துக்குக் கீழே. அதே பெயர், அதே அதிபர், அதே பள்ளிக்கீதம். ஊர்தான் வேறு. ஐயா எட்டாம் வகுப்போடு நின்றது பள்ளிக்கூடம் தூரமாக இருந்ததால். எங்கள் காலத்தில் பள்ளிக்கூடம் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

வெளியில் இருப்பவர்கள் நம்பமாட்டாத ஒன்று இதில் உண்டு. ஊரை ஆண்டது புலிகள். வாத்திமாருக்குச் சம்பளம் கொழும்பிலிருந்து. பாடப்புத்தகம் அரசாங்கத்தின் இலவசப் புத்தகம். வினாத்தாள் பரீட்சைத் திணைக்களத்துடையது. பற்றரிக்கும் சீமெந்துக்கும் பசளைக்கும் தடை போட்டிருந்த அரசாங்கம்தான் எங்களுக்குச் சோதனையும் வைத்தது. விடைத்தாள் திருத்துகிறவருக்கு இது பாலை மரத்துக்குக் கீழே படித்த பிள்ளை என்று தெரியாது, தெரியவும் கூடாது.

இரசாயனம் படிப்பித்த சேர் செவ்வரத்தம்பூவோடு வருவார். ஆய்வுகூடச் சாமான் ஒன்றும் இல்லை. அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டுகிற பினோப்தலீனை யார் கண்டது? பூவிதழைக் கசக்கிச் சுடுதண்ணீரில் ஊறவைத்து வடித்து, மூன்று போத்தல் மூடியில் ஊற்றுவார். ஒன்றில் தேசிக்காய்ச் சாறு விட்டால் நல்ல சிவப்பு. இன்னொன்றில் வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்த தெளிந்த தண்ணீர் விட்டால் பச்சை. மூன்றாவது மூடி ஒன்றும் விடாமல் ஒப்பிட்டுப் பார்க்க. பிறகு பச்சை மூடிக்குள் தேசிக்காய்ச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடச் சொல்வார். எந்தச் சொட்டில் நிறம் திரும்புகிறது என்று எண்ணி எழுதவேண்டும். அளவி என்ற கண்ணாடிக் குழாயை நான் கையால் தொட்டது பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான். ஆனால் முடிவுப்புள்ளி என்றால் என்னவென்று அன்றைக்கே விளங்கிவிட்டது. பின்னாளில் ஆய்வுகூடம் உள்ள கல்லூரியிலிருந்து வந்தவர்களுக்கு நான் அதை விளங்கப்படுத்தியிருக்கிறேன்.

இரவுப் படிப்பு ஜாம் போத்தல் விளக்கில். மண்ணெண்ணெய் யானைவிலை. ஜாம் போத்தலுக்குள் அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய், நடுவில் திரி. போத்தல் சுவரே காற்றுக்கு மறைப்பு. ஒரு சுற்று எண்ணெயில் ஒரு பாடம் பார்க்கலாம். விளக்கு அணைந்தால் அன்றைய படிப்பு முடிந்தது. சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி ரேடியோச் செய்தி கேட்கிற வீடுகளும் இருந்தன. எங்கள் வீட்டில் சுற்றுகிற வேலை தங்கச்சிக்கு.

வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பதில் வராத பெயர்கள் கூடிக்கொண்டு போயின. சிலர் இயக்கத்துக்குத் தாங்களாகப் போனார்கள். பிந்திய காலத்தில், 2006 க்குப் பிறகு, வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். ஏ.எல். படிக்கிற வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவே தாய்மார் பயந்தார்கள். 2006 ஓகஸ்ட் 14 இல் வள்ளிபுனத்தில் விமானம் போட்ட குண்டில் செத்தவர்களில் பெரும்பாலோர் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளின் உயர்தர மாணவிகள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வெள்ளைச் சீருடையோடு நின்றவர்கள் அவர்கள். இதற்கு மேல் இதில் எழுத எனக்கு மனமில்லை.

2009 மே மாதத்தில் எல்லாம் முடிந்து, மெனிக் பாம் முகாம்களுக்குள் சனத்தை அடைத்தபோது, ஓகஸ்டில் ஏ.எல். சோதனை வந்தது. முள்ளிவாய்க்காலிலிருந்து உயிரோடு வந்த பிள்ளைகள், முள்ளுக்கம்பிக்குள் கூடாரத்திலிருந்து எழும்பிப் போய் எழுதினார்கள். என் மச்சாள் ஒருத்தி எழுதினாள். கொப்பி ஒன்றும் கையில் இல்லை. முகாமுக்குள் யாரோ ஒரு ரீச்சர் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல எழுதிய குறிப்பை வைத்துப் படித்தாள். பாஸும் ஆனாள். இப்போது அவளே ஒரு ரீச்சர்.

இப்போது நிலைமை என்ன? வெளிப்பார்வைக்குக் குறையில்லை. மாடிக் கட்டடம் வந்துவிட்டது, கணினி அறை வந்துவிட்டது. யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமே கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. ஆனால் அறிவியல்நகரிலிருந்து உள்பாதையில் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனால், ஏ.எல். கணிதப் பிரிவு இல்லாத பள்ளிக்கூடம்தான் வரும். நாட்டில் ஏறக்குறைய 10,000 அரச பாடசாலைகள் இருக்கின்றன. விஞ்ஞானம், கணிதம் உட்பட எல்லாப் பிரிவும் உள்ள 1ஏபி பாடசாலைகள் அதில் ஏறக்குறைய 1,000 தான். வன்னியில் ஒரு பிள்ளைக்கு உயிரியலோ இணைந்த கணிதமோ படிக்க ஆசை வந்தால் இன்றும் முதலில் பார்க்கவேண்டியது பஸ் நேரத்தை.

இப்போது தூரம் வாத்திமாருக்கும் வந்துவிட்டது. கஷ்டப் பிரதேசச் சேவை என்று யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்று வருகிறவர்கள், ஏ9 பாதையில் 65 கிலோமீற்றர் அளவு விடிய பஸ்ஸில் வந்து, மத்தியானம் மணி அடித்ததும் ஓடுகிறார்கள். அவர்களையும் குறைசொல்ல மனம் வரவில்லை. இங்கே தங்க வசதியான ஆசிரியர் விடுதி எத்தனை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது? வருட எண்ணிக்கை முடிந்ததும் இடமாற்றம். பிள்ளை ஒரு பாடத்தை மூன்று வாத்தியாரிடம் மூன்று விதமாகப் படிக்கும். இடைவெளியை நிரப்புவது உள்ளூர்த் தொண்டர் ஆசிரியர்கள். மாதம் ஏதோ கொஞ்சக் காசுக்கு, நிரந்தர நியமனம் வரும் என்று நம்பி ஆண்டுக்கணக்காகப் படிப்பித்து, நியமனம் கேட்டு வீதியில் நின்றவர்கள் அவர்கள். வன்னிக் கல்வியைத் தாங்கியது யார் என்று ஒரு கல்வெட்டு வைப்பதென்றால் அவர்கள் பெயரை முதலில் வெட்டவேண்டும்.

கல்வெட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பழைய மாணவர் சங்கம் போன மாதம் சூமில் கூடியது. கனடா, லண்டன், பிரான்ஸ், கிளிநொச்சி எல்லாரும் ஒரே திரையில். பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்யலாம் என்பது பேச்சு. வாசலில் ஒரு வளைவு கட்டவேண்டும், சரஸ்வதி வைத்து, நன்கொடையாளர் பெயர்கள் பொறித்து, என்று ஒரு பகுதி. குளத்துப் பக்க ஊர்களிலிருந்து வருகிற ஏ.எல். பிள்ளைகளுக்குக் காலையும் மாலையும் ஒரு வான் விடுவோம் என்று நாங்கள் சிலர். பள்ளிப் பிள்ளைகளைக் கண்டால் பஸ்காரர் நிறுத்தாமல் போகிறார்கள், பின்னேர வகுப்பு முடிந்து பெண்பிள்ளைகள் இருட்டில் சைக்கிளில் போகிறார்கள் என்று அதிபரே சொன்னார். “வான் ஓடித் தேஞ்சு போயிடும் தம்பி, வளைவு நிக்கும்” என்றார் ஒரு மூத்த அண்ணை. அவரும் ஒரு காலத்தில் எங்களைப் போலச் சைக்கிளில் வந்தவர்தான்.

வாக்கெடுப்பில் வளைவு வென்றது. வானுக்குத் தனிக்கணக்குத் திறந்திருக்கிறோம். பிரான்சில் இருக்கிற என் வகுப்புத் தோழன் முதல் மூன்று மாத டீசல் காசை அனுப்பிவிட்டான். இனி நம்பிக்கையான சாரதி ஒருவர் வேண்டும். வட்டக்கச்சிப் பக்கம் ஒருவர் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை போய்க் கதைக்கவேண்டும்.